அந்தப் பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கல்லூரி விலங்கியல் துறைத் தலைவர்களுக்கும், அருங்காட்சியகங்களில் ஊர்வன சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படித்தவன் நான். எங்கள் துறை மியூசியத்தில், கதவை ஒட்டிய அலமாரியில், உடும்புக்கும் பறக்கும் ஓணானுக்கும் நடுவே ஒரு ஜாடி இருந்தது. உள்ளே ஒரு முழ நீளத்தில் ஒரு பிராணி. தட்டையான உடம்பு, மழுங்கிய முகம், வாலில் வரிசை வரிசையாக முள் வளையங்கள். ஃபார்மலினில் பல வருஷம் கிடந்து வெளிறிப் போயிருந்தது. ஜாடிக்கு வெளியே 'யூரோமாஸ்டிக்ஸ்' என்று டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள். செய்முறைத் தேர்வில் அதை ஸ்பாட்டராக, அதாவது பார்த்து அடையாளம் எழுத வேண்டிய மாதிரியாக, வைப்பார்கள். முள் வால், தாவர உண்ணி, பாலைவனத்தில் வளை தோண்டி வாழும் என்று மூன்று வரி எழுதினால் மார்க் வந்துவிடும். எந்தப் பாலைவனம், எந்த ஊர், எந்த வருஷம், யார் பிடித்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் வேலை நிமித்தமாக ராஜஸ்தானில் சில வருடங்கள் இருந்தேன். ஜெய்சால்மர் பக்கம், ஒரு மார்ச் மாதக் காலையில், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னைச் சரளைக் கல் பரவிய வெட்ட வெளிக்குக் கூட்டிப் போனார். மணல் மேடுகளில் சாண்டா இருக்காது, கெட்டித் தரையில்தான் இருக்கும் என்றார். சாண்டா என்பதுதான் அந்த ஊர்ப் பெயர். தமிழில் முள்வால் ஓணான் என்று சொல்லலாம். ஓணான் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தரையில் சின்னச் சின்ன வளைவாய்கள் தெரிந்தன. மேற்பக்கம் வில்போல வளைந்து, அடிப்பக்கம் தட்டையாக, அரைவட்ட வடிவில். சிலது திறந்து கிடந்தன, சிலது உள்ளேயிருந்து மண்ணால் அடைத்திருந்தன. திறந்து கிடப்பது காலி வீடாக இருக்கலாம், அடைத்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது என்றார் பெரியவர். ஒன்றின் எதிரே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தோம். வெயில் ஏறி அரை மணி நேரம் ஆகியிருக்கும். அடைப்பு மண் உள்ளேயிருந்து லேசாக அசைந்து உதிர்ந்தது. முதலில் மூக்கு, பிறகு தலை. கறுப்பு என்று சொல்லும் அளவுக்குக் கருஞ்சாம்பல் நிறம். பாதி உடம்பை வெளியே நீட்டி அப்படியே வெயிலில் கிடந்தது. சூடு ஏற ஏற நிறம் இளகி, மண்ணின் மஞ்சளுக்கே வந்துவிட்டது. மெதுவாக நடந்து போய் ஒரு சின்னப் பூவைக் கடித்தது. மேலே ஏதோ ஒரு பறவையின் நிழல் போனதும் வால் மட்டும் ஒரு கணம் தெரிந்தது, அதுவும் மறைந்தது.

நான் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்த பிராணி அது. அன்றைக்குத்தான் எங்கள் கல்லூரி ஜாடியில் இருப்பதும் இப்படி ஒரு வளையை விட்டு வந்ததுதானே என்று உறைத்தது. எந்த வளை?

ஊருக்கு வந்தபோது அதைத் தெரிந்துகொள்ளவே கல்லூரிக்குப் போனேன். துறை புதுக் கட்டிடத்துக்கு மாறியிருந்தது. ஜாடிகளையெல்லாம் கழுவி, புது திரவம் ஊற்றி, பளிச்சென்று கம்ப்யூட்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஜாடிக்குள்ளே சீட்டு எதுவும் இருந்ததா என்று ஆய்வக உதவியாளரிடம் கேட்டேன். "கால்ல நூல் கட்டி ஒரு பழுப்புச் சீட்டு தொங்கிச்சு தம்பி. ஊறிப்போய் அழுக்கா இருந்துச்சுன்னு கழுவும்போது எடுத்துப் போட்டுட்டோம்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சீட்டுதான் முக்கியம், ஜாடியில் மற்றது எல்லாம் அதற்கு அடுத்தது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஊர் தெரியாத சாண்டா ஒன்றை வைத்து அதன் உடம்பைப் பற்றிப் படிக்கலாம், அது வாழ்ந்த இடத்தைப் பற்றி ஒன்றும் படிக்க முடியாது. இந்த விலங்கைப் பொறுத்தவரை இன்றைக்குத் தேவைப்படுவதே அந்த இரண்டாவது விஷயம்தான். புத்தகங்களில் உள்ள பரவல் படத்தைப் பாருங்கள். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தொடங்கி ராஜஸ்தான் வழியாகக் குஜராத்தின் கச்சு வரை ஒரே பட்டையாக நிழல் போட்டிருக்கும். நேரில் போனால் அப்படி இல்லை. ஓரிடத்தில் கூட்டமாக வளைகள் இருக்கும், அதைத் தாண்டினால் பல கிலோமீட்டர் ஒன்றும் இருக்காது, மறுபடி ஒரு கெட்டித் தரையில் கூட்டம் தெரியும். அதாவது, பட்டை இல்லை, புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் எத்தனை அழிந்தன என்று சொல்ல வேண்டுமானால் பழைய புள்ளிகள் எங்கே இருந்தன என்று தெரிய வேண்டும். பழைய புள்ளிகள் உங்கள் அலமாரிகளில்தான் இருக்கின்றன.

இந்த விலங்கின் கதை தொடங்குவதே ஒரு ஊர்ப் பெயரில்தான். 1827-ல் விலங்கியலாளர் ஜான் எட்வர்டு கிரே லண்டனில் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரியும் இயற்கை ஆர்வலருமான தாமஸ் ஹார்ட்விக்கின் பெயர் அதில் சேர்ந்தது. கிரே தந்த ஊர், ஹிந்துஸ்தானத்தின் கன்னோசிச் சமவெளி. நாம் பள்ளியில் ஹர்ஷரின் தலைநகர் என்று படித்த அதே கன்னோசி. கங்கைச் சமவெளி ஊர். இன்றைக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு வயல், அத்தர் வடிக்கும் பட்டறை. சாண்டாவைப் பார்க்க வேண்டும் என்பவர் தார் பாலைவனத்துக்கும் கச்சுக்கும் போவார், கன்னோசிக்குப் போக மாட்டார்.

அப்படியானால் 200 வருடங்களுக்கு முன் கன்னோசியில் சாண்டா இருந்ததா? ஹார்ட்விக் அந்தப் பக்கத்துக்குப் புதியவர் இல்லை. 1796-ல் அவர் இமயமலைப் பயணம் கிளம்பியதே பக்கத்து ஊரான ஃபதேகரிலிருந்துதான். கங்கைச் சமவெளியில் ஊசர் என்று சொல்லும் உவர் நிலங்கள் உண்டு, அங்கே வளைகள் இருந்திருக்கலாம். இல்லையென்றால் ராஜபுதனத்திலிருந்து (இன்றைய ராஜஸ்தான் பக்கம்) சாண்டா எண்ணெய் விற்க வந்த ஒருவரின் கூடையிலிருந்து சந்தையில் வாங்கியதாகவும் இருக்கலாம். முதலாவது உண்மை என்றால் ஒரு விலங்கு தன் வாழிடத்தின் கிழக்கு ஓரத்தை முழுவதுமாக இழந்திருக்கிறது. இரண்டாவது உண்மை என்றால் எதையுமே இழக்கவில்லை. எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள். இதைத் தீர்க்க உதவக்கூடியவை, அந்த வட்டாரத்துப் பழைய ஜாடிகளும் அவற்றின் சீட்டுகளும்தான்.

சந்தை என்று சொன்னேன், அதை விளக்க வேண்டும். சாண்டாவின் வாலடிக் கொழுப்பை உருக்கி எடுக்கும் எண்ணெய் மூட்டு வலிக்கும் ஆண்மைக்கும் நல்லது என்று நம்பி வாங்கும் கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. அதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் கிடையாது. சாண்டா ஓடாமல் இருக்க, பிடிப்பவர்கள் அதன் முதுகெலும்பை முறித்துவிடுவார்கள். தீனி இல்லாமலே பல நாள் உயிரோடு கிடக்கும் பிராணி என்பதால், அப்படியே கூடையில் போட்டுத் தூர தேசத்துக்கும் கொண்டுபோவார்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் காப்பாளர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பழைய ஜாடியில் உள்ள ஒரு சாண்டாவை எக்ஸ்ரே எடுத்து, முதுகெலும்பு உயிரோடு இருக்கும்போதே முறிந்ததற்கான அடையாளம் தெரிந்தால், அது சந்தை வழி வந்தது என்று சந்தேகிக்கலாம். அதன் சீட்டில் எந்த ஊர் இருந்தாலும் அந்த ஊரை அதன் வாழிடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்பு முழுசாக இருந்தால் அந்தச் சீட்டின் மேல் நம்பிக்கை கூடும். ஜாடியைத் திறக்காமலே பார்க்கக்கூடிய விஷயம் இது.

தேதியும் அப்படித்தான். குளிர்காலம் முழுக்கச் சாண்டா வளைக்குள்ளேயே இருக்கும், வாலில் சேர்த்த கொழுப்பில் காலம் தள்ளும். சீட்டில் ஜனவரி என்று இருந்தால் அதைத் தோண்டி எடுத்திருப்பார்கள். அப்படியானால் பிடித்த இடம் வளை இருந்த இடமேதான். இரைப்பையில் உள்ள இலைத் துணுக்கும் பேசும். இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வருவதற்கு முன் அந்தத் தரையில் என்ன செடி முளைத்தது என்பதை இந்த வயிறுகள்தான் வைத்திருக்கின்றன. பெரியவை பெரும்பாலும் தழை, பூ, விதை தின்னும், குட்டிகள் பூச்சியை அதிகம் தேடும். எங்கள் ஸ்பாட்டர் விடையில் 'தாவர உண்ணி' என்று எழுதியதோடு முடிந்துவிட்டது.

சீட்டில் ஊர் இருந்தாலும் போதாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 1947-க்கு முந்தைய சீட்டில் 'பஞ்சாப்' என்று மட்டும் இருந்தால் அது முல்தானாகவும் இருக்கலாம், ஹிசாராகவும் இருக்கலாம். இரண்டும் அன்றைக்கு ஒரே மாகாணம், இன்றைக்கு இரண்டு நாடு. 'ராஜபுதனா' என்றால் ஒரு மாநிலம் அளவுக்குச் சந்தேகம். ஆனால் சீட்டில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டுக்குப் போனால் சேகரித்தவர் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால் அவர் அந்த மாதத்தில் எந்த வழியாகப் பயணம் போனார் என்பதை அவருடைய குறிப்புகளிலிருந்து எடுக்கலாம். பல நூறு கிலோமீட்டர் அகலச் சந்தேகத்தை ஒரு தாலுகா அளவுக்குக் குறைத்துவிடலாம். அதற்கு நூல், சீட்டு, எண், பதிவேடு என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும்.

இந்தச் சங்கிலி எப்படி அறும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல், கல்கத்தாவில் இருந்த இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் சேகரிப்புகளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வாரணாசியின் கைசர் கோட்டைக்கு மாற்றினார்கள். மறு வருடமே வருணா நதியில் வெள்ளம். குண்டுக்குப் பயந்து கொண்டுபோனவை தண்ணீரில் நனைந்தன, ஏராளமானவை கெட்டுப்போயின. 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைத் தீ எரித்தது. வெள்ளமும் தீயும் எப்போதாவது வருபவை. புதுக் கட்டிடம், பெயின்ட் அடித்தல், ஆய்வுக் குழு வருகை ஆகியவை எல்லாக் கல்லூரிக்கும் வருபவை. எனக்குப் பயம் அதில்தான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் கல்லூரிகளில் விலங்குகளை அறுக்கும் பயிற்சியை நிறுத்தச் சொன்னது. நல்ல முடிவு. வட இந்தியாவில் இந்தச் சாண்டாவே அறுவைப் பாடத்துக்கான விலங்காக இருந்திருக்கிறது, நாம் ஓணானைப் பாடமாகப் படித்த மாதிரி. ஆனால் அதற்குப் பிறகு ஜாடிகளுக்கே இனி வேலை இல்லை என்ற எண்ணமும் சில துறைகளில் வந்துவிட்டது. வேலை இப்போதுதான் தொடங்குகிறது என்பேன். அன்றைக்குப் பிடித்துக் கொன்றதற்கு இன்றைக்கு நாம் செய்யக்கூடிய ஒரே நியாயம், அது எங்கிருந்து வந்தது என்பதையாவது காப்பாற்றி வைப்பது.

ஏன் இவ்வளவு அவசரம்? சாண்டா வாழும் கெட்டித் தரை வெட்ட வெளிக்கு அரசுக் கோப்பில் 'தரிசு' என்று பெயர். தரிசு என்றால் அங்கே எதையும் கட்டலாம். ராஜஸ்தானில் ஃபலோடிப் பக்கத்தில் உள்ள பட்லா சூரிய மின் பூங்கா மட்டும் சுமார் 14,000 ஏக்கர், 2,245 மெகாவாட். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சூரியத் தகட்டுத் திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. முன் அனுமதி இல்லை என்றால் முன் கணக்கெடுப்பும் கட்டாயமில்லை. தரையைச் சமப்படுத்தும் இயந்திரம் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி ஏதாவது ஒரு ஜாடியில் தொங்கும் சீட்டாக இருக்கும். கச்சுப் பக்கம் வேறு கதை. அங்கே பன்னி புல்வெளியில் 1960களில் பரப்பிய சீமைக் கருவேலம் இன்று புல்லையே மூடிவிட்டது. 'காண்டோ பாவல்', பைத்தியக்காரக் கருவேலம் என்று அந்த மக்கள் அதைச் சொல்வார்கள். ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் அதே மரத்தோடு மல்லுக்கட்டும் நமக்கு அந்தப் பெயரின் கோபம் புரியும். வெயில் விழும் திறந்த தரை இல்லாமல் சாண்டாவுக்கு வாழ்க்கை இல்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஜாடியைக் கழுவுவதற்கு முன், திரவம் மாற்றுவதற்கு முன், ஜாடியையும் உள்ளே உள்ள சீட்டையும் கைபேசியிலாவது தெளிவாகப் படம் எடுங்கள். சீட்டு உள்ளேயே இருக்கட்டும். படிக்க முடியாத அளவுக்கு ஊறியிருந்தாலும் இருக்கட்டும், இன்று நம் கண்ணுக்குத் தெரியாத மையை நாளை வேறு ஒளியில் படிக்கலாம். ஃபார்மலினில் இருந்ததை ஆல்கஹாலுக்கு மாற்றினால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள், பின்னால் மரபணு எடுக்க முயல்பவர்களுக்கு அந்த ஒரு வரி பல மாத உழைப்பை மிச்சப்படுத்தும். பெயரைத் திருத்தும்போது பழைய பெயரை அழிக்காதீர்கள். 2009-ல் இந்த இனத்தை யூரோமாஸ்டிக்ஸிலிருந்து எடுத்து, கிரே 1845-ல் வைத்த 'சாரா' என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். பழைய பெயரை மட்டும் தேடுபவரும் புதுப் பெயரை மட்டும் தேடுபவரும் பாதியைத்தான் பார்ப்பார்கள். இரண்டும் இருக்கட்டும்.

பெரிய அருங்காட்சியகங்களிடம் இன்னொன்று. ஜோத்பூரில் இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் பாலைவனக் கிளையே இருக்கிறது. கொல்கத்தாவில், மும்பையில், லண்டனில் சாண்டாக்கள் இருக்கின்றன. அந்தப் பதிவேடுகளின் பக்கங்களை அப்படியே படமாக்கி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் வெளியிடுவோம் என்று காத்திருந்தால் இன்னும் இருபது வருடம் போய்விடும். படம் இருந்தால் போதும், படிக்க ஆள் வருவார்கள். மாணவர்கள் வருவார்கள், என்னைப் போன்றவர்களும் வருவோம்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. இடத்தை வெளியிட்டால் எண்ணெய்க்காரர்களுக்கு வழி காட்டியதாகிவிடாதா? நியாயமான பயம், நானும் பயப்படுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலும் இருக்கிறது, அப்படியும் பிடிக்கிறார்கள். அதனால் சமீப வருடங்களில் உயிரோடு பார்த்த வளைகளின் துல்லியமான இடத்தை யாரும் பொதுவில் போடக் கூடாது, மாவட்டம் வரை போதும். ஐம்பது, நூறு வருடப் பழைய சீட்டின் நிலை வேறு. பிடிப்பவர்களுக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. மண் அடைத்த வளைவாயை அவர்கள் நம்மைவிட நன்றாகப் படிப்பார்கள். அந்தச் சீட்டு தேவைப்படுவது, அந்த நிலம் தரிசு இல்லை என்று வாதாட நிற்பவர்களுக்கு.

நம் ஊர்க் கல்லூரிகளிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சாண்டாவுக்குச் சீட்டே இல்லை என்றால் ஸ்டாக் ரெஜிஸ்டரைப் பாருங்கள். எந்த வருடம், எந்தக் கடையிலிருந்து, என்ன விலைக்கு வாங்கியது என்று தணிக்கைக்காக எழுதி வைத்திருப்பார்கள். மாதிரி விற்ற கடையின் ஊர் தெரிந்தாலே அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வரவழைத்திருப்பார்கள் என்று ஓரளவு விசாரிக்கலாம். பழைய ரெஜிஸ்டர்களை எடைக்குப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படம் எடுத்து வையுங்கள்.

எங்கள் கல்லூரி ரெஜிஸ்டரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் கிளம்பும் முன் அந்த ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சாண்டாவின் பின்னங்காலில் நூல் இன்னும் முடிச்சோடு இருந்தது. உங்கள் அலமாரியில் உள்ளதன் நூலில் சீட்டு இன்னும் தொங்கினால், இன்றைக்கே அதைப் படம் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
விலங்கியல் துறையின் பழைய மாணவன் ஒருவன்